கேட்டதும் கேட்டபடியும்

இரவு ஒன்றரை மணி. கோடம்பாக்கத்தில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி. கீழே டீக்கடை ஷட்டரை இறக்கி வெகுநேரமாகிவிட்டது. மேலே நாற்பது பேர். காதில் ஹெட்போன், காலடியில் பெடல், எதிரே திரை. என் பக்கத்து இருக்கைக்காரர் அன்றிரவு ஒரே சொல்லை மூன்று மருத்துவமனைகளுக்கு மூன்று விதமாக அடித்தார். டிஸ்க். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் கிடக்கிற அதே டிஸ்க்தான். முதல் மருத்துவமனைக்குக் கடைசி எழுத்து 'கே'. அடுத்ததற்குச் 'சி'. மூன்றாவதில் ஒரு சிக்கல். அங்கே முதுகுக்குக் 'கே', கண்ணுக்குள் பார்வை நரம்பு தொடங்கும் வட்டுக்குச் 'சி'. வந்திருந்த நோயாளிக்கோ முதுகும் சரியில்லை, கண்ணும் சரியில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு டிஸ்க், இரண்டு எழுத்து. அவர் விரல் எங்கேயும் தயங்கவில்லை. கச்சேரியில் நல்ல சங்கதி ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்போமே, அப்படித் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டிருந்தார்.

'கே' கிரேக்க வழி, 'சி' லத்தீன் வழி. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. தமிழில் எழுதினால் இந்த வித்தை கண்ணுக்கே தெரியாது. எந்த எழுத்தில் முடிந்தாலும் நமக்கு டிஸ்க்தான். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்துகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற தொழில் 1990களின் கடைசியில் சென்னையில் சூடுபிடித்தது. அமெரிக்க டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியிலோ கையடக்க ரெக்கார்டரிலோ பேசி வைப்பார். அந்தக் குரல் இங்கே வரும். அவர் மறுநாள் மருத்துவமனைக்குள் நுழைவதற்குள் அது எழுத்தாகி அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பகலாக இருப்பது நமக்கு இரவாக இருப்பது இந்தத் தொழிலுக்கு வாய்த்த முதலீடு. தாவரவியல் படித்தவர்கள், ஆங்கில இலக்கியம் படித்தவர்கள், பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு சில மாதப் பயிற்சியில் கல்லீரலின் மடல்களையும் மண்டை நரம்புகளையும் நெட்டுருப் போட்டார்கள். நாங்கள் எங்களை எம்.டி. என்று சொல்லிக்கொள்வோம். கடைசி எழுத்து அமெரிக்காவில் டாக்டருக்கு ஒன்று, எங்களுக்கு வேறொன்று. தமிழில் இரண்டும் ஒரே 'டி'. என் அம்மா அந்த வசதியைத் தெருவில் பல வருடம் பயன்படுத்திக்கொண்டார்.

நம் மொழியில் கேட்பது என்றால் காதால் கேட்பதும்தான், வாயால் கேட்பதும்தான். இந்தத் தொழில் அந்த இரண்டு கேட்பதற்கும் நடுவில் நடக்கிறது. டாக்டர் சொன்னதைக் கேட்க வேண்டும். பிறகு மருத்துவமனை கேட்டபடி எழுத வேண்டும். முதலாவதைக் காது பழகினால் யாரும் செய்துவிடலாம். இரண்டாவதில்தான் நான் கலையைப் பார்க்கிறேன். அதைப் பலரும் கலை என்று ஒப்பமாட்டார்கள். சொன்னபடி செய்வதில் என்ன கலை என்பார்கள். பாடுகிறவர் போகிற போக்கில் போகும் மிருதங்கத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள்கூட அப்படிச் சொல்வதுதான் எனக்கு வியப்பு.

இதில் முதல் சோதனை எழுத்துக்கூட்டு. பள்ளியில் எங்களுக்குப் பதிந்தது இங்கிலாந்து வழி. வீக்கத்தைக் குறிக்கும் எடீமா 'ஓ'வில் தொடங்கும் என்பதை உயிரியல் ஆசிரியர் ஸ்கேலால் தட்டிப் புரியவைத்திருந்தார். பயிற்சி வகுப்பின் முதல் வாரத்தில் அமெரிக்க அகராதியில் 'ஓ' வரிசை முழுக்கத் தேடினேன். அதுவோ 'ஈ' வரிசையில் உட்கார்ந்திருந்தது. உணவுக்குழாயும் அப்படியே இடம் மாறியிருந்தது. ரத்தசோகைக்கு நடுவில் இருந்த 'ஏ'யைக் காணோம், வயிற்றுப்போக்கிலிருந்து 'ஓ' போய்விட்டது, கட்டியைச் சொல்லும் டியூமரில் 'யு' உதிர்ந்திருந்தது. நோவா வெப்ஸ்டர் 1828இல் தன் பேரகராதியை வெளியிட்டு அமெரிக்காவுக்கென்று ஓர் எழுத்துக்கூட்டை ஊன்றினார். மருத்துவச் சொற்களின் இரட்டை உயிர்களும் காலப்போக்கில் அங்கே ஒற்றையாயின. வெள்ளைக்காரன் விட்டுப்போன எழுத்துகளை இன்னொரு வெள்ளைக்காரனுக்காக ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் வேலை எங்கள் தலைமுறைக்கு வந்தது.

கழற்றும்போது கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்கவில்லை. 'ஏ-ஈ' சேர்ந்து நிற்கும் சொற்களில் ஒரு பரம்பரைச் செல்வம் இருப்பதாகவும், அமெரிக்கர்கள் அதை அடகு வைத்துவிட்டதாகவும் எனக்கு ஓர் எண்ணம். கருவில் இருக்கும் சிசுவைச் சொல்லும் 'ஃபீட்டஸ்' அந்த எண்ணத்தை உடைத்தது. இங்கிலாந்து வழியில் அதற்கு 'ஓ-ஈ'. அமெரிக்க வழியில் வெறும் 'ஈ'. எது பழையது, எது தூய்மையானது என்று அகராதியின் சிறிய எழுத்துகளில் தேடிப் பார்த்தால், லத்தீன் மூலத்தில் அந்த 'ஓ'வே கிடையாது. நடுவில் யாரோ அழகுக்குச் செருகியது. அன்றைக்கு என் இங்கிலாந்துப் பெருமையில் ஒரு பங்கு குறைந்தது.

மறுபக்கக் கதையும் உண்டு. எலும்பு மருத்துவத்தைச் சொல்லும் ஆர்த்தோபீடிக் என்ற சொல்லில் அமெரிக்க அகராதி 'ஏ'யை எடுத்துவிடும். ஆனால் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் சங்கமே தன் பெயரில் அதை விடாமல் வைத்திருக்கிறது. 1741இல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் இரண்டு கிரேக்கச் சொற்களைக் கோத்து இந்தப் பெயரை உண்டாக்கினார்: ஒன்று நேரானது, மற்றது குழந்தை. குழந்தைகளின் கோணிய உடலை நிமிர்த்துவதுதான் அவர் நூலின் பொருள். வளைந்த மரத்தைக் கம்பத்தோடு கட்டி நிமிர்த்தும் அந்த நூலின் படம் இன்றும் எலும்பு மருத்துவர்களின் சின்னம். அந்த 'ஏ-ஈ' குழந்தை என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்களுக்கு வந்த ஓர் எலும்பு கிளினிக்கின் குறிப்பில் இதற்கு மட்டும் தனி வரி போட்டிருந்தார்கள், தடித்த எழுத்தில். கணினியின் ஸ்பெல்செக் அதைச் சிவப்பாகக் கோடிழுத்துக் காட்டும். கோட்டைப் பொருட்படுத்தாமல் அந்த 'ஏ'யை விட்டுவைக்கும்போதெல்லாம் ஒரு குழந்தையைச் சொல்லுக்குள்ளேயே பத்திரமாக உட்கார்த்திவிட்டுப் போகிற திருப்தி எனக்கு. பிறகு இங்கிலாந்து மருத்துவமனைகளின் வேலையும் வரத் தொடங்கியபோது கழற்றிய எழுத்துகளையெல்லாம் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினோம். அங்கே சொற்களே வேறு. எபிநெஃப்ரின் அங்கே அட்ரினலின், அசிட்டமினோஃபென் அங்கே நம் ஊர் பாராசிட்டமால்.

தொழிலுக்கென்று ஒரு சட்டநூலும் இருந்தது. அமெரிக்க மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் சங்கம் 1978இல் தொடங்கியது. அதே 1978இல்தான் தமிழ்நாட்டில் அரசாணை வந்து, பழைய 'லை'யின் துதிக்கை போனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அது நல்ல வருடம் போலிருக்கிறது. சங்கம் வெளியிட்ட 'புக் ஆஃப் ஸ்டைல்' என்ற நூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்புதான் எங்கள் மேசைகளில் கிடந்தது. முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'பாஸ்' என்போம். பாஸ் சொன்னால் சொன்னதுதான், அக்கவுண்ட் ஸ்பெக்ஸ் வேறு மாதிரி சொல்லாதவரை.

ஸ்பெக்ஸ் என்பது ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பங்களைப் பட்டியலிட்டு அனுப்பும் தாள். சிலது அரைப் பக்கம், சிலது நாற்பது பக்கம். அதை இலக்கியமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் மனிதர்கள் தெரிவார்கள். ஒருவருக்கு முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி வேண்டும். தட்டச்சு இயந்திரத்தில் கற்றவர் என்று அதிலேயே வயது தெரிந்துவிடும். இன்னொருவர் நோயாளியை 'நோயாளி' என்று எழுதக்கூடாது, மரியாதை அடைமொழியோடு பெயரைப் போட வேண்டும் என்பார். இருதய மருத்துவர் ஒருவர் தன் நோயாளிகள் எல்லாரையும் இனிய பெண்மணி, இனிய கனவான் என்றே அறிமுகம் செய்வார். அந்த 'இனிய'வை எடுத்துவிட வேண்டாம் என்று குறிப்பும் இருக்கும். வேறொருவர் நுரையீரல் சுத்தம் என்று இரண்டே சொல் சொல்வார், அதை எழுவாய் பயனிலையோடு முழு வாக்கியமாக விரிக்க வேண்டும். அடுத்த அக்கவுண்டில் முழு வாக்கியமாகச் சொல்வதையும் தந்தி பாணியில் சுருக்க வேண்டும். திரும்ப வந்து காட்டுவதைச் சொல்லும் ஃபாலோ-அப் என்ற ஒரே சொல் ஓரிடத்தில் கோடு போட்டு, ஓரிடத்தில் ஒட்டி, வினைச்சொல்லானால் எல்லா இடத்திலும் பிரித்து.

இதையெல்லாம் எரிச்சலாகப் பார்க்கலாம்; முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு மருத்துவமனைக்குப் பாஸ் சொன்னபடி மிகச் சரியாக அடித்து அனுப்பிய அறிக்கையில் எனக்கு மதிப்பெண் குறைந்து வந்தது. பொங்கிக்கொண்டு க்யூ.ஏ. அக்காவிடம் போனேன். எங்கள் எல்லாருடைய வேலையையும் மறுபடி கேட்டுத் திருத்துகிறவர் அவர். புத்தகத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, நீ சரியாத்தான் எழுதியிருக்கே. அவர் கேட்டது வேற. சரியானது உனக்குத் தெரியும்ங்கிறது எனக்குத் தெரியும், போதாதா?"

போதவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் வேலையைக் கவனிக்கத் தொடங்கினேன். அவருக்குப் பாஸ் தலைகீழாகத் தெரியும். 1900இல் பிறந்த டோர்லாண்ட் அகராதிக்கும் 1911இல் பிறந்த ஸ்டெட்மன் அகராதிக்கும் எந்தச் சொல்லில் ஒத்துப்போகாது என்பது தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவர் எதையும் காட்டிக்கொள்ளாமல், அந்தந்த மருத்துவமனைக்கு அந்தந்த மருத்துவமனையிலேயே பிறந்து வளர்ந்தவர்போல எழுதுவார். அவர் திருத்திய அறிக்கையைப் படித்தால் எங்கேயும் அவர் இருக்கமாட்டார். தெரியாதவன் ஸ்பெக்ஸைப் பின்பற்றினால் அது வெறும் கீழ்ப்படிதல். தெரிந்தவர் பின்பற்றும்போது வேறொன்று நடக்கிறது. ஸ்பெக்ஸ் எல்லாவற்றையும் சொல்வதில்லை. சொல்லாத இடங்களில் அந்த டாக்டர் என்ன விரும்பியிருப்பார் என்று ஊகிக்க ஒரு காது வேண்டும். பத்தாவது பக்கத்தில் ஒரு கோட்டை விரும்பாதவர் பதினைந்தாவது பக்கத்திலும் விரும்பமாட்டார்.

என் ரசனைக்கு மிகவும் பிடித்த சண்டை நோய்களின் பெயர்களில் நடப்பது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அவர் பெயருக்குப் பின் மேலே ஒரு குறி, ஓர் 'எஸ்'. பார்க்கின்சனுடைய நோய். டவுன் என்பவருடைய சிண்ட்ரோம். நோயை விவரித்தவருக்கு நோய் எப்படிச் சொந்தமாகும் என்று கேள்வி வந்தது. 1974இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் இந்த 'உடைய'வை விட்டுவிடும்படி பரிந்துரைத்தார்கள். பாஸும் அதே கட்சி. டாக்டர்களில் பலரோ 'எஸ்' சொல்லியே பேசிப் பழகியவர்கள், மருத்துவமனைகளில் பாதி அதை வைத்துக்கொள் என்றன, மீதி எடுத்துவிடு என்றன.

நன்னூல் படித்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. ஆறாம் வேற்றுமை கிழமைப் பொருளில் வரும். அதில் தற்கிழமை ஒன்று, பிறிதின் கிழமை ஒன்று. என் கை என்பது தற்கிழமை, பிரிக்க முடியாது. என் வீடு பிறிதின் கிழமை, விற்றுவிடலாம். பார்க்கின்சனின் நோய் இதில் எது? அவர் கையும் அல்ல, வீடும் அல்ல. அமெரிக்கர்கள் ஒரு குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டதை நம் மொழி சத்தமில்லாமல் செய்துவைத்திருக்கிறது: உருபைத் தொகையாக்கிவிட்டால் போதும். பார்க்கின்சன் நோய். 'உடைய' வெளியே தெரியாது, இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவும் முடியாது.

ஆனாலும் எல்லா இடத்திலும் 'எஸ்'ஸை எடுக்க எனக்கு மனம் வராது. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய் ஒன்றுக்கு லூ கெரிக் பெயர் உண்டு. லூ கெரிக் டாக்டர் அல்ல, நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர். அந்த நோய் வந்து 1941இல் இறந்தவர். அது அவருடைய நோய்தான், ஐயமில்லை. தற்கிழமை என்றால் இதுவல்லவா தற்கிழமை. அதேபோல லைம் நோய்க்கு 'எஸ்' போட்டால் எனக்குச் சிரிப்பு வரும். லைம் என்பது கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஊர். அந்த நோயைக் கண்டுபிடித்த டாக்டர் லைம் என்று யாரும் இல்லை.

பெயர்களுக்கு நடுவில் போடும் சின்னக் கோட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது தலைகளை எண்ணுகிறது. ஆஸ்குட், ஷ்லாட்டர் இருவர், நடுவில் கோடு. ஷார்கோ, மரீ, டூத் மூவர், இரண்டு கோடு. பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்று வரும்போது கை தானாகக் கோட்டுக்குப் போகும், போகக்கூடாது. ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஒரே ஆள். ஆஸ்டின் ஃபிளிண்ட் முணுமுணுப்பிலும் ஒரே இருதய மருத்துவர்தான். உம்மைத்தொகைக்குத்தான் கோடு என்று நான் ஒரு சூத்திரம் செய்து வைத்திருந்தேன்: சேரசோழர் மாதிரி இரண்டு பேர் சேர்ந்திருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு. கோட்டைப் போட்டு ஒரு மனிதரை இரண்டாகப் பிளந்த அறிக்கைகளைப் பார்க்கும்போது, அறுவை சிகிச்சை வேறு பக்கத்தில் நடந்துவிட்டதோ என்று தோன்றும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். பிறந்த குழந்தைக்குப் போடும் ஆப்கர் மதிப்பெண்ணை எல்லாப் பெரிய எழுத்துகளிலும் அடிப்பவர்கள் உண்டு, ஏதோ சுருக்கெழுத்து என்று நினைத்து. அது விர்ஜீனியா ஆப்கர் என்ற மயக்க மருத்துவரின் பெயர். 1953இல் அவர் அந்த முறையை வெளியிட்டார். நிறம், நாடி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் விரிவு கற்பித்தது பிறகு வந்த நினைவுச் சூத்திரம். ஸ்பெக்ஸ் பெரிய எழுத்தில் கேட்டால் கொடுத்துவிடுவோம், அந்த அம்மாளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

எண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மண்டை நரம்புகள் ரோமன் எண்ணிலா சாதாரண எண்ணிலா என்று இரண்டு கட்சி. இருதய முணுமுணுப்புக்கு ஆறு படி; அதையும் இரண்டு விதமாகக் கேட்பார்கள். நீரிழிவில் இரண்டாம் வகையை ரோமன் எண்ணில் எழுதினால் பதினொன்று என்று படித்துவிடுவார்கள் என்பதால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997இல் சாதாரண எண்ணுக்கு மாறியது. முதிய டாக்டர்கள் கொஞ்ச காலம் மாறவில்லை. தையல் நூலின் கனத்துக்குச் சுழி கணக்கு. சுழி கூடக் கூட நூல் மெலியும். மூன்று சுழியை அப்படியே மூன்றாகப் போடச் சொல்வார்கள் சிலர், மூன்று போட்டுக் கோடு போட்டு ஒரு சுழி என்பார்கள் சிலர். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். நள்ளிரவில் சுழிகளை எண்ணக்கூடாது.

சுழி என்றதும் விளையாட்டு நின்றுபோகும் இடம் வந்துவிடுகிறது. ஐந்து மில்லிகிராம் என்பதை ஐந்து, புள்ளி, சுழி என்று எழுதினால் புள்ளி மங்கிய நகலில் அது ஐம்பது. அரையை வெறும் புள்ளி, ஐந்து என்று எழுதினால் அது ஐந்து. யூனிட் என்பதை ஒற்றை 'யு' ஆக்கினால் அது இன்சுலின் அளவுக்குப் பின்னால் சுழியாக நின்று பத்தை நூறாக்கும். தினம் ஒரு வேளை என்பதற்கான இரண்டெழுத்துச் சுருக்கத்தின் நடுப்புள்ளி கொஞ்சம் நீண்டால் நான்கு வேளை. 2004இல் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயிண்ட் கமிஷன் இப்படிப்பட்ட சுருக்கங்களுக்குத் தடைப் பட்டியலே போட்டது. அதற்கு முன்பே எங்கள் அக்கா போட்டிருந்தார். எந்த ஸ்பெக்ஸாக இருந்தாலும், எவ்வளவு பெரிய டாக்டர் தன் பாணி அது என்று சொன்னாலும், மருந்தின் அளவில் அவர் வளையமாட்டார். சொல்லை விரித்து எழுதிவிட்டு மருத்துவமனைக்கு ஒரு குறிப்பு அனுப்புவார். எல்லாவற்றிலும் வளைகிறவர் என்று நான் நினைத்திருந்த ஒருவர் எங்கே வளையமாட்டார் என்பதைப் பார்த்த பிறகுதான், மற்ற இடங்களில் அவர் வளைந்ததன் அருமை எனக்குப் புரிந்தது.

அவர் கையின் உச்சம் என்று நான் நினைப்பது அவர் எழுதாமல் விட்டதை. பிளாங்க். கேட்காத இடத்தில் ஒரு கோடிழுத்து, எந்த நிமிடம் எந்த நொடி, எது மாதிரி ஒலிக்கிறது என்று குறித்துவிட்டுப் போவது. புதியவர்களுக்கு பிளாங்க் அவமானம், எதையாவது நிரப்பிவிடுவார்கள். டாக்டர் சாண்ட்விச்சை மென்றுகொண்டே சொன்னது ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா? சிறுகுடலின் கடைப்பகுதியும் இடுப்பெலும்பும் காதுக்கு ஒரே இலியம். நடுவில் 'ஈ'யா 'ஐ'யா என்பதை முன்னும் பின்னும் நடக்கும் கதைதான் சொல்லும். லேசிக்ஸ் என்ற நீர் பிரிக்கும் மாத்திரையும் லோசெக் என்ற வயிற்றுப்புண் மாத்திரையும் குழம்பியதால் 1990இல் அமெரிக்காவில் இரண்டாவதன் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகு அது புரோசாக்கோடு குழம்பத் தொடங்கியது என்பார்கள். அக்கா ஒரே இடத்தைப் பெடலை அழுத்தி அழுத்தி இருபது முறை கேட்பார், வேகத்தைக் குறைத்துக் கேட்பார், எங்களில் தெலுங்கு தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இவர் உங்க ஊர்க்காரர் மாதிரி இருக்கு, கேளுங்க" என்பார். பெரும்பாலும் அவர் ஊர்க்காரராகவே இருப்பார். அப்படியும் பிடிபடவில்லை என்றால் கோடு. அந்தக் கோட்டுக்கு அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

சொன்னதைச் சொன்னபடியே, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் வேண்டும் என்று கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. வெர்பேட்டிம் அக்கவுண்ட் என்போம். ரசிகனுக்கு அதில் ஒன்றுமில்லை. இலக்கணத்தைச் சரிசெய்யலாம், ஆனால் டாக்டரின் குரல் மாறக்கூடாது என்று கேட்பவர்களிடம்தான் விருந்து. ஆங்கிலம் தாய்மொழியில்லாத டாக்டர் ஒருவர் பெயருக்கு முன் வரும் சிறுசொற்களை விழுங்குவார், காலங்களைக் கலப்பார், ஆனால் நோயைச் சொல்லும் வரிசை பளிங்கு மாதிரி இருக்கும். பட்டுப்புடவைக்கு டார்னிங் போடுகிறவர் புடவை ஓரத்திலிருந்தே ஓர் இழையை உருவி எடுத்துப் போடுவாரே, அப்படி அந்த டாக்டர் வேறெங்கோ பயன்படுத்திய சொல்லையே எடுத்து இந்தக் கிழிசலில் ஓட்டுவார் அக்கா. டாக்டர் படித்தால், தானே அப்படித்தான் பேசியதாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

காசுக் கதையும் சொல்லிவிடுகிறேன். வரிக்கு இவ்வளவு என்று கூலி; வரி என்றால் 65 எழுத்து, பெரும்பாலும் இடைவெளியும் சேர்த்து. முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி கேட்ட அந்த வயதான டாக்டரை நாங்கள் வாழ்த்தியது மொழிப்பற்றால் அல்ல. சுருக்கங்களை விரிக்கச் சொல்லும் அக்கவுண்டுக்குப் போட்டி நடக்கும். இரண்டெழுத்து அடித்தால் முழு வாக்கியமும் விரியும்படி கணினியில் ஆளுக்கொரு குறியீட்டுத் தொகுப்பு வைத்திருந்தோம். வேலையை விட்டுப் போகிறவர்கள் அதைச் சீர்வரிசை மாதிரி நெருங்கியவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது குரலை இயந்திரமே எழுத்தாக்குகிறது. மனிதர்கள் பிழை பார்க்கிறார்கள். இயந்திரத்துக்கும் ஸ்பெக்ஸ் கொடுக்கலாம், 'கே' என்றால் கடைசிவரை 'கே' போடும். ஆனால் பிளாங்க் விடுவதில் அது எனக்குத் தெரிந்த எல்லாப் புதியவர்களையும் மிஞ்சிய புதியவர். கேட்காததையும் கேட்ட மாதிரி எழுதிவிடும்.

அக்காவைப் போன ஆவணியில் அவர் பெண் கல்யாணத்தில் பார்த்தேன். பத்திரிகை முன்பே வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் தமிழ்ப் பக்கத்தில் நான்கே எழுத்து. ஆங்கிலப் பக்கத்தில் பன்னிரண்டு: நடுவில் இரண்டு 'ஈ', எதற்கென்று தெரியாமல் ஓர் 'ஹெச்', கடைசியில் இரண்டு 'கே'. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன்.

"நியூமராலஜி பார்த்து வச்ச பேராம். சம்பந்தி வீட்டுல ரெண்டு தடவை ஃபோன் பண்ணிச் சொன்னாங்க" என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா அக்கா?"

"சொன்னேனே. ப்ரூஃப் நான்தானே பார்த்தேன், கடைசில ஒரு 'கே' விட்டுப்போயிருந்தது. சேர்க்கச் சொன்னேன்" என்று இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.